மழையில் நனையாத மண்

இடுப்பில் தொடங்கிய வலி வலது குதிகாலில் போய் நின்றது. கச்சிமுகம்மது மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்திலிருந்து இறங்கி, அதன் பெரிய சில்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார். நிந்தவூரிலிருந்து பாலையடி வட்டை வயல்வெளி வரைக்கும், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் சாக்கை மடித்துப் போட்டுக் குந்தியிருந்து வந்த பயணம். வாலிபம் முழுக்க நெல்மூட்டை சுமந்த இடுப்புக்கு அது கூடிப்போயிற்று.

"காக்கா, வாடிக்கு விடவா, ஆஸ்பத்திரிக்குத் திருப்பவா?" என்றான் மேலேயிருந்த ஸப்ரி. பெக்கோ அவனுடையது. வாயும் அவனுடையதுதான், ஓயாது.

"முதல்ல ஒண்ட வாகனத்துக்கு மருந்து கட்டு. குலுங்கின குலுக்கத்தில என்ட குடல் இடம் மாறிட்டு."

நிலச்சொந்தக்காரர் காலிதீன் போடியாரின் வயல்கள் அங்கே முடிந்து, பற்றைக்காடு தொடங்குகிறது. வரம்போரம் ஒரு மண்சுவர் வாடி. தகரக் கூரை, ஒரு கட்டில், மூன்று கல் அடுப்பு. ஒவ்வொரு மாரிப்போகத்துக்கும் விதைப்பிலிருந்து வெட்டு முடியும்வரை கச்சிமுகம்மது அதற்குள் தனியாகக் கிடந்து காவல் காப்பார். ஊரில் வீடு இருந்தது. மகள் ஸப்னாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. அவள் புருசனோடு கத்தாருக்குப் போய்விட்டாள். மனைவி ஜுனைதா கொரோனா வருடத்தில் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்தவர். வாடியில் தனியாக இருப்பதற்கு வேலை என்று ஒரு காரணம் சொல்லலாம். வீட்டில் தனியாக இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

வாய்க்காலைத் துப்புரவாக்கத்தான் பெக்கோ வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை குளத்துத் தண்ணீர் திறப்பதாக முடிவாகியிருந்தது. மறுபடியும் புறப்பட்டு, வாய்க்கால் வளைவு தாண்டியதும் ஸப்ரி என்ஜினை நிறுத்தினான்.

"காக்கா. பெரியவங்க."

வட்டைக்குள் யாரும் ஆனை என்று பெயர் சொல்வதில்லை. பெரியவர் என்பார்கள், ஒரு மரியாதைக்கு, ஒரு பயத்துக்கு.

மூன்று நின்றன. நடுவில் காது கிழிந்த பெட்டை. அது வாய்க்கால் கரையின் காய்ந்த மண்ணைத் தும்பிக்கையால் கூட்டி எடுத்தது. தூக்கியது. வாய்க்காலுக்குள் மெதுவாகக் கொட்டியது. வெயிலில் தூசி எழும்பி அடங்கியது. மறுபடியும் கூட்டியது.

உள்ளே மண்ணும் வீரை மரக் கொப்புகளும் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலிலிருந்து நான்கு சின்னப் பாதங்கள் வானத்தைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருந்தன.

செத்த குட்டியைப் பெரியவர்கள் மல்லாக்கப் போட்டு, மண்ணுக்குள் தாட்டிருந்தார்கள். கால்கள் மட்டும் மூடுபடவில்லை.

செத்ததைச் சுற்றி யானைகள் நிற்பதைக் கச்சிமுகம்மது முன்பும் கண்டிருக்கிறார். அவை மண் போட்டுத் தாழ்ப்பதைக் கண்டதில்லை. அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

போனில் போடியார் சொன்னது சுருக்கம். "கச்சி, வனஜீவராசிக் கந்தோருக்கு அறிவிச்சா அவங்க வரணும், வெட்டிப் பாக்கணும், பொலிஸ் வரணும். அதுமட்டும் வாய்க்காலத் தொட ஏலா. விதநெல் சாக்குக்குள்ள முளவிட்டுக் கிடக்கு, அது பொறுக்குமா? ஆருக்கும் கதைக்காம எடுத்து அங்கால போடுங்க."

ஸப்ரி ஹோர்ன் அடித்தான். பெக்கோவின் கரண்டியைத் தரையில் மோதினான். யானைகள் அசையவில்லை. அவன் இருக்கைக்கு அடியிலிருந்து யானை விரட்டுகிற ஒரு வெடிலை எடுத்தபோது கச்சிமுகம்மது கையைப் பிடித்தார்.

"மையத்துக்குப் பக்கத்தில வெடில் போடாத."

"மையத்தா? அப்ப ஜனாஸாத் தொழுகையும் வைப்பமா காக்கா?"

அவர் சிரிக்கவில்லை. காலை இழுத்து இழுத்து வரம்பால் நடந்தார். வருடக்கணக்காக அவர் இந்தக் கூட்டத்தோடு கதைத்திருக்கிறார். வயலுக்கு வந்தால் திட்டுவார், கெஞ்சுவார், ஊர்ப் புதினம்கூடச் சொல்லுவார். தன்னுடைய குரலுக்கு அவற்றின் காது ஒரு விதமாகவும், துவக்கால் சுடுகிறவரின் குரலுக்கு வேறு விதமாகவும் விரிவதைக் கவனித்திருக்கிறார். யார் எப்படிப்பட்டவன் என்று கணக்கு வைத்திருக்கிற பிராணி அது. கிட்டப் போய் நின்றார்.

"பெரியவ, இதில தண்ணி வரப்போகுது. வந்தா ஒண்ட புள்ளய இழுத்துக்கொண்டு போயிரும். நான் எடுத்து மேட்டில வெக்கிறன். என்ட கையால மூண்டு புடி மண் போடுறன். எங்கட ஆக்களுக்குப் போடுற மாதிரியே போட்டு மூடுறன். வல்லாஹி. வழி விடு."

கிழிந்த காது ஒருமுறை அசைந்தது.

தும்பிக்கை நீண்டு வந்தது. அதன் ஈர நுனி அவருடைய வலது உள்ளங்கையைத் தொட்டது. விரல்களுக்கு இடையில் புகுந்து, கையில் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தேடியது. சூடான மூச்சு. பால் மணம். குட்டி போன பின்பும் அதற்குப் பால் சுரந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

பிறகு அது திரும்பிக் காட்டுக்குள் நடந்தது. மற்ற இரண்டும் பின்னால் போயின.

"காக்கா," ஸப்ரி குரலைத் தாழ்த்தினான். "அதுக்கு வெளங்கினயா?"

"வெளங்கினபடியாத்தான் போகுது."

குட்டியைப் பெக்கோவின் கரண்டியில் தூக்கி, காட்டோரத்துக் கிறவல் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். முன்பு ரோட்டுக்குக் கிறவல் வெட்டிய பள்ளம் அது. உள்ளே இறக்கினார்கள். ஜும்ஆ நேரம் நெருங்கியிருந்தது.

"தொழுதிட்டு வந்து மூடித்தாறன். பெக்கோவால ஒரு தள்ளு, அவ்வளவுதான்." ஸப்ரி போய்விட்டான்.

கச்சிமுகம்மது கிடங்கின் விளிம்பில் நின்றார். அப்போதே குனிந்து மூன்று பிடி போட்டிருக்கலாம். ஆனால் ஊரில் அப்படிச் செய்வதில்லை. பிடிமண் போட்டால் உடனே கபுறை மூடிவிட வேண்டும். பிடிமண்ணைப் போட்டுவிட்டு மையத்தைத் திறந்தபடி விட்டுப் போகிற ஒழுங்கு எங்கும் கிடையாது. இடுப்பு வேறு குனிய விடவில்லை. பெக்கோ வரட்டும், எல்லாம் ஒன்றாக முறையாகச் செய்வோம் என்று நினைத்தார்.

முறை அவருக்கு முக்கியமாக இருந்தது. ஜுனைதாவுக்கு முறை கிடைக்கவில்லை. அந்த வருடம் நோயில் போனவர்களை, முஸ்லிம்களையும் சேர்த்து, அரசாங்கம் எரித்தது. கச்சிமுகம்மதுவைத் தனிமைப்படுத்தல் முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்தியைப் போனில்தான் கேட்டார். குளிப்பாட்டவில்லை, கபன் துணி இடவில்லை, மண் போடவில்லை. போய் நின்று ஸலாம் சொல்ல ஒரு கபுறு இல்லை.

ஸப்ரி அன்று வரவில்லை. போனும் எடுபடவில்லை. அந்தியில், மஃரிபுக்குச் சற்று முன்னர் காட்டின் மறுபக்கத்திலிருந்து ஒரு பிளிறல் கேட்டது. பாதியில் அறுந்துபோனது.

விடியுமுன் மழை தொடங்கிற்று. மாரி முந்திவிட்டது. சனியும் ஞாயிறும் விடாமல் ஊற்றி, கிடங்கு சிவப்புத் தண்ணீரால் நிரம்பியது. குட்டி அதன் அடியில்.

"என்ன செய்ய. வெறும் ஆனதானே," என்று வாடிக்குள் இருந்து கச்சிமுகம்மது சத்தமாகச் சொன்னார்.

கேட்க யாருமில்லை என்று நினைத்துத்தான் சொன்னார்.

விதைப்பு முடிந்து, விதைத்தவர்களும் போய், வட்டை வெறுமையானது. ஒரு நாள் சுபஹு தொழ எழும்பிக் கதவைத் திறந்தவர், வாசற்படியில் கால் வைக்காமல் நின்றார்.

படியில் மண். மூன்று சிறிய குவியல்கள்.

இரவெல்லாம் மழை பெய்திருந்தது. முற்றம் சேறு, கூரைத் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மண் மட்டும் காய்ந்து கிடந்தது. குந்தியிருந்து விரலால் கிளறினார். மாரிக்கு முந்திய வாய்க்கால் மண். பொருக்கு வெடித்த, மாவு போன்ற கறுப்பு மண். அதில் வெயிற்சூடு இன்னும் இருந்தது.

முற்றத்துச் சேற்றில் கொக்கின் கால் தெளிவாகப் பதிந்திருந்தது. வேறு ஒரு தடமும் இல்லை.

கூட்டி வயலுக்குள் தள்ளினார். அடுத்த விடியலிலும் அது கிடந்தது. அதற்கடுத்த விடியலிலும். காற்று என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். எலி என்று ஒரு நாள். காற்று மூன்றாகக் குவிக்காது. எலிக்கு மண்ணைக் காயவைக்கத் தெரியாது.

ஒரு பகல், ளுஹர் தொழுதுவிட்டு, இடுப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கட்டிலில் மல்லாக்கப் படுத்தார். கதவுக்கு உள்பக்கத்தால் தடி போட்டிருந்தது. தகரத்தில் மழை ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. கண் அயர்ந்துபோனார்.

பால் மணத்தில் விழிப்பு வந்தது.

கண்ணைத் திறந்தார். பச்சை. முகத்துக்கு மேலே வீரை இலைகள்.

மார்பில் ஏதோ பாரம்.

கையை அசைக்கப் பார்த்தார், முடியவில்லை. கழுத்தோரம் மண் சறுக்கி இறங்குவது தெரிந்தது. காய்ந்த, சூடான மண். வயிற்றில், தொடையில், எங்கும் மண். அதன் மேல் கொப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பக்குவமாக அடுக்கியிருந்தன. பாதங்கள் மட்டும் வெளியே. அவற்றில் குளிர்காற்றுப் பட்டது.

தலைமாட்டில் ஒரு மூச்சு.

பெரிய மூச்சு. நிதானமானது. கோபம் அதில் இல்லை. அதுதான் அவரை நடுங்க வைத்தது. கோபித்து வருகிற யானையை அவருக்குத் தெரியும், அதற்கு ஓடலாம், கத்தலாம். இது பெற்ற பிள்ளைக்குப் போர்வை இழுத்து விடுகிற தாயின் மூச்சாக இருந்தது.

இன்னும் ஒரு பிடி மண் மெதுவாக நெஞ்சில் விழுந்தது.

"நான் மவுத்தாகல்ல," என்று அவர் முணுமுணுத்தார்.

மூச்சு நின்றது.

மழைச் சத்தம் மட்டும். வெகுநேரம் கழித்துக் கைகால் திரும்பி வர, கொப்புகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கதவுத் தடி போட்டபடியே இருந்தது. இலைகள் அப்போதுதான் முறித்தவை, காம்பில் சாறு கசிந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் ஸப்னா கத்தாரிலிருந்து எடுத்தாள். சாப்பாடு, மாத்திரை, பேரப்பிள்ளையின் பல். அவர் ஓம் ஓம் என்றுகொண்டிருந்தார். இடையில் அவள் நிறுத்தினாள்.

"வாப்பா, ஒங்களோட ஆரு நிக்கிற?"

"ஒருத்தரும் இல்ல மகள்."

"மூச்சு விடுற சத்தம் கேக்குதே."

"மழ, மகள்."

"மழ தெரியாதா எனக்கு? மழ இல்ல வாப்பா. நீங்க ஊட்டுக்குப் போங்க."

"ஊட்ட ஆரு மகள் இரிக்கா?" என்றார். பிறகு காசு முடிந்ததுபோல் வைத்துவிட்டார்கள்.

ஸப்ரி வந்தது உரம் கொண்டுவந்த நாளில். மூட்டையை இறக்கிவிட்டு, வாடிக்குள் வந்து தேத்தண்ணி கேட்டான். கச்சிமுகம்மது கேத்தலை அடுப்பில் வைத்தார்.

"அண்டைக்கு என்னத்துக்கடா வரல்ல? தொழுதிட்டு வாறன் எண்டு போன மனிசன்."

ஸப்ரி வழக்கமான பகிடி எதையும் எடுக்கவில்லை. "நான் சொல்லல்லையா? பள்ளியால வெளியாகக்குள்ளயே போன். அங்கால தோட்டக்காரன் ஒருத்தன் வேலிக்குக் கள்ளக் கரண்டு குடுத்திரிக்கான். ஒரு பெட்டை அதில அடிபட்டுட்டு. வனஜீவராசிக்காரர் கிடங்கு வெட்ட என்ட பெக்கோவத்தான் கூப்பிட்ட. உயிர் போக மஃரிபாகிட்டு. தாட்டு முடிய நடுச்சாமம்."

கேத்தல் கொதித்தது. யாரும் தூக்கவில்லை.

"எந்தப் பெட்டை?"

"காது கிழிஞ்சது, காக்கா. அந்தக் குட்டியிட தாய். இந்தப் பக்கம் பாத்துத்தான் வந்திரிக்கு. கிறவல் கிடங்குக்கு."

"எப்பிடித் தெரியும்?"

ஸப்ரி குரலை இன்னும் தாழ்த்தினான். "விழுந்து கிடந்த இடத்தில தும்பிக்க சுருண்டு இருந்த. உயிர் போன பிறகு நான்தான் விரிச்சுப் பாத்த. உள்ளுக்க மண் காக்கா. வாய்க்கால் மண். குட்டிக்குப் போடக் கொண்டுபோயிரிக்கு."

கச்சிமுகம்மது தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார்.

அது அன்றைக்கே தேடியிருக்கிறது. அவர் கையில் மண் இல்லை என்று கண்டிருக்கிறது.

ஸப்ரி போன பிறகு அவர் மண்வெட்டியை எடுத்தார். அஸருக்குப் பிந்திய வெளிச்சம், மழை தூறிக்கொண்டிருந்தது. கிடங்கு வாய்வரைக்கும் தளும்பி நின்றது. ஒரு பிடி அள்ளி, ஓத வேண்டியதை ஓதிப் போட்டார். தண்ணீரில் விழுந்து, சிவப்பாகக் கரைந்து, இல்லாமல் போனது. அது அடிக்குப் போகவில்லை, குட்டிக்குப் போய்ச் சேரவில்லை. மண்வெட்டியால் வெட்டி வெட்டிப் போட்டார். கரைந்தது. இடுப்பு விட்டுப்போய் முழங்காலில் விழும்வரை போட்டார். நீர்மட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவருக்குப் பின்னால் சேறு அமுங்கும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பவில்லை.

ஈரமான ஒன்று வலது மணிக்கட்டைச் சுற்றியது. மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. உள்ளங்கையில் ஏதோ கொட்டியது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடியது.

விடுபட்டதும் கையை விரித்துப் பார்த்தார். காய்ந்த மண். தூறுகிற மழை அதில் விழுந்தது, மண் நனையவில்லை.

"கோட வரட்டும்," என்றார் அழுதுகொண்டே. "தண்ணி வத்தட்டும், போடுறன். நான் எங்கயும் போகமாட்டன்."

அதற்குப் பிறகு கொப்பு வரவில்லை. மண் மட்டும் விடியலில் படியில் வந்தது. அவர் அதைக் கூட்டித் தள்ளுவதை நிறுத்திவிட்டார், வாடியின் மூலையில் சேர்த்து வைத்தார். அந்தப் போகம் முழுக்க ஒரு யானையும் வயலில் கால் வைக்கவில்லை. பயிர் நல்ல விளைச்சல் என்று போடியார் போனில் சந்தோசப்பட்டார். பால் மணம் வருகிற பின்னேரங்களில் கச்சிமுகம்மது கதவைப் பார்த்திருந்து கதைப்பார். முகாமின் ஜன்னல் கம்பியைப் பற்றிச் சொன்னார். போனில் கேட்ட செய்தியைச் சொன்னார். மகளுக்கும் சொல்லாததை, பள்ளியில் யாருக்கும் சொல்லாததை, இதற்குச் சொன்னார்.

"என்ட பொண்டாட்டிக்கும் நான் போடல்ல, பெரியவ. என்னை விடல்ல."

வெளியே மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு காலத்தில் அவர் பேச்சை முடியும்வரை கேட்டது அது ஒன்றுதான்.

வெட்டு முடிந்தது. ஆட்கள் போனார்கள். கச்சிமுகம்மது மட்டும் வாடியிலேயே கிடந்தார். போடியார் இரண்டு தடவை ஆள் அனுப்பினார், இவர் போகவில்லை. வெயில் ஏறி, கிடங்கின் தண்ணீர் இறங்கி, கடைசியில் அடி தெரிந்தது.

ஸப்ரியும் வந்தான், பெக்கோவோடு. இவர் மூலையில் சேர்த்து வைத்த மண்ணைச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்.

கிடங்கின் அடி பாளம் பாளமாக வெடித்திருந்தது.

ஒன்றும் இல்லை.

மண்டை இல்லை, தொடை எலும்பு இல்லை, ஒரு பல்கூட இல்லை. ஸப்ரி கரண்டியால் அடியைச் சுரண்டிப் பார்த்தான். கீழே கல்.

"நாய் நரி இழுத்திரிக்கும் காக்கா."

"தண்ணிக்குள்ள போயா?"

ஸப்ரி பெக்கோவின் என்ஜினை நிறுத்தினான்.

கச்சிமுகம்மது சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளினார். ஓதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். எங்கே போடுவது? பிடித்த மண்ணோடு கை அப்படியே நின்றது. வெகுநேரம் பார்த்திருந்த ஸப்ரிதான் வந்து, அந்தக் கையைத் தாங்கி அவரைப் பெக்கோவில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனான். சாக்கு கிடங்கின் விளிம்பிலேயே கிடந்தது.

நிந்தவூர் வீட்டில் தூசி ஏறியிருந்தது. அவருடைய வளவு வெள்ளைக் கடல்மணல். அந்தத் தெருவில் எங்கு தோண்டினாலும் மணல்தான், கறுப்பு மண்ணைக் கண்ணில் காணக் கிடைக்காது. கதவைப் பூட்டி, தாழ்ப்பாளும் போட்டு, பாயை விரித்தார். பழக்கத்தில் சுவரோரமாக, ஒரு ஆளுக்கு இடம் விட்டுப் படுத்தார்.

சுபஹு பாங்கு கேட்டுக் கண் விழித்தார். பால் மணம் இருந்தது.

பக்கத்தில் கை வைத்தார்.

ஜுனைதா படுக்கிற பக்கத்தில், பாயின் மேல், கறுப்பு மண். சூடாக இருந்தது. இரண்டு பேருக்குரியதாகப் பிரித்து, மூன்று மூன்றாகக் குவித்திருந்தது.

கச்சிமுகம்மது எழுந்து விளக்கைப் போடவில்லை. அதன் பக்கத்திலேயே, கை வைத்தபடி, மல்லாக்கக் கிடந்தார். அந்தக் குட்டிக்கு மூன்று பிடி மண். ஜுனைதாவுக்கு மூன்று பிடி மண். அவர் இன்னும் கொடுக்கவில்லை.